ஆறாம் கட்டிலின் பத்து மணிக் குறிப்பு

"சிஸ்டர், எந்த ஆஸ்பத்திரியில சேரலாம்?" என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னைக் கேட்கிறீர்கள். ரிட்டையர் ஆன நர்ஸ் வீட்டில் சும்மாதானே இருப்பாள் என்ற தைரியம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்ட கையோடு நீங்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. கேன்டீனில் வெள்ளிக்கிழமை பிரியாணி உண்டா, வேன் மேடவாக்கம் வரை வருமா, யூனிபார்ம் என்ன நிறம், ஹாஸ்டலில் லாரித் தண்ணீரா போர் தண்ணீரா. போன வாரம் ஒரு தம்பி, அங்கே ரிசப்ஷனில் போட்டோ எடுக்க வெளிச்சம் நன்றாக இருக்குமா என்று விசாரித்திருந்தார். நர்ஸ் வேலைக்குத்தானே தம்பி போகிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையதைவிட மட்டமான பட்டியல் ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. அதில் முதல் வரி: கண்ணாடிக் கட்டடம். இரண்டாவது வரி: என் நாத்தனார் பார்த்தால் வாயடைத்துப் போகவேண்டும். மூன்றாவது வரியே கிடையாது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், ஐம்பது கட்டில் உள்ள ஆஸ்பத்திரியில் வேலை. லிப்டில் நாலு பேர் ஏறினால் அது யோசிக்கும். பெயர்ப் பலகையில் இரண்டு எழுத்து எரியாது. இதெல்லாம் போதாது என்று, எங்கள் வார்டு இன்சார்ஜ் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆண் நர்ஸ். எல்லோரும் அவரை பிரதர் என்று கூப்பிடுவோம். அவர் என்னை டூட்டியில் சிஸ்டர் என்பார், டூட்டி முடிந்தால் அக்கா என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் ஊசி போடக் கற்றுக்கொண்டபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர் என் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எனக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேடவாக்கம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறந்தார்கள். முழுக்கக் கண்ணாடி. இன்டர்வியூவுக்குப் போனேன், தேர்வும் ஆகிவிட்டேன். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னார்கள். சேலையூரில் யாருக்கும் சொல்லாமல், "வீட்டுல கொஞ்சம் வேலை" என்று பிரதரிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கி வைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எல்லாத் தொழிலுக்கும் அதற்கென்று ஒரு பிரத்யேகத் தப்பு உண்டு. நம் தொழிலின் தப்பு, பத்து மணிக்குப் பார்க்கவேண்டிய நாடியை ஒன்பதரைக்கே எழுதி வைப்பது. தலையை ஆட்டாதீர்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நாடி எழுபத்தெட்டு, மூச்சு பதினெட்டு, நோயாளி ஓய்வில் இருக்கிறார். நாட்டில் எத்தனை ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி எழுபத்தெட்டு துடிக்கிறது என்று யாராவது ஆராய்ந்தால் நம் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். பதினோரு மணிக்கு மேடவாக்கத்தில் நிற்கவேண்டும். வழியில் டிராபிக் எப்படி இருக்குமோ தெரியாது. எனவே ஒன்பதரைக்கு மேஜையில் உட்கார்ந்து, பத்து மணிக் கட்டத்தில் பத்து பேருக்கும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பிரதர் அந்தப் பக்கமாக வந்தார். சார்ட்டுகளைக் கட்டாக நீட்டினேன். கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் பாஸ்கரன் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரை ஏறிப்போய், காலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்திருந்தார். காலை எட்டு மணிக்கு நான்தான் அவருக்கு இன்சுலின் போட்டேன். எட்டரைக்குத் தட்டைப் பார்த்தேன், நாலு இட்லியும் காலி. "இன்னைக்கு சமத்தா சாப்பிட்டீங்களே சார்" என்றேன். "நான் என்னைக்கும்மா மிச்சம் வச்சிருக்கேன்?" என்று சிரித்தார். அவ்வளவுதான் நான் அவரைப் பார்த்தது. பத்து மணிக்கு நாடி எழுபத்தெட்டு என்று நான் எழுதியபோது, அந்த நாடி எங்கே துடித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

பத்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சர்க்கரை பார்க்க வந்த லேப் பெண் வழியில் நிறுத்தினாள். "சிஸ்டர், ஆறுல ஆளக் காணோம்."

பாத்ரூமில் இல்லை. கேன்டீனில் இல்லை. எக்ஸ்ரேயில் இல்லை. அவருடைய செல்போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. பிரதர் சார்ட்டைப் பார்த்தார். "பத்து மணிக்கு இருந்திருக்காரு. அரை மணி நேரம்தான் ஆச்சு. காலை வச்சிக்கிட்டு ரொம்ப தூரம் போக முடியாது, பக்கத்துலதான் இருப்பாரு" என்றார். சேலையூரில் இருந்த அவர் வீட்டுக்கும் போன் போட்டு அப்படியே சொன்னார். அவர் மனைவி, "இன்னிக்கு கிருத்திகை. பத்து மணிக்குத்தான் போனாருன்னா தெருமுனைப் பிள்ளையார் கோயில்ல நின்னு கும்பிட்டுகிட்டு இருப்பாரு, பாருங்க" என்றார். இரண்டு பேர் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார்கள், இரண்டு பேர் கேம்ப் ரோடு டீக்கடைகளுக்கு.

எல்லோரும் என் பொய்யை நம்பித்தான் ஓடினார்கள். கடைசியாக அவரைப் பார்த்தது எட்டரைக்கு. இரண்டு மணி நேரத்தில் ஒரு மனிதர் எவ்வளவோ தூரம் போகலாம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கச்சிகளே, தம்பிகளே, அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நானும் போய் பாத்ரூம் கதவைத் தட்டினேன், அது ஏற்கெனவே பார்த்த பாத்ரூம் என்று தெரிந்தும். சொல்லிவிட்டால் பொய்க் கணக்கு எழுதினவள் என்று வேலை போகும், கண்ணாடி ஆஸ்பத்திரிக்கும் செய்தி போகும், இருபது வருஷம் சேர்த்த பெயர் போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மத்தியானத்துக்குள் எனக்கு மேடவாக்கத்தில் புது வேலை. இப்படிப் பத்து நிமிடம் போனது. என்மேல் எனக்கே இன்றும் கோபம் வருவது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தேன், வேட்டி இருக்கிறதா என்று பார்க்க. வேட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் நாலு இட்லி, சட்னியோடு, பத்திரமாக முடிச்சுப் போட்டு.

இன்சுலின் உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். நடுத்தெருவில் மயங்கி விழுந்தால் குடிகாரர் என்று ஒதுங்கிப் போவார்கள்.

கவரைத் தூக்கிக்கொண்டு போய் பிரதர் முன்னால் நின்றேன். "பிரதர், பத்து மணிக்கு நான் பார்க்கல. முன்னாடியே எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். "கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"எட்டரை."

"ஊசி?"

"எட்டு மணிக்கு. இட்லி ஒண்ணு கூட உள்ள போகல."

ஏன், எதற்கு, எப்படி இப்படிச் செய்யலாம், ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "அம்மா, நாங்க தப்பா சொல்லிட்டோம். சாரை எட்டரைக்கு அப்புறம் யாரும் பார்க்கல. சாப்பிடவும் இல்ல."

"எட்டரைக்கா?" அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "ஐயோ, அப்ப நடை சாத்தறதுக்குள்ள சேர்ந்திடலாம்னு குன்றத்தூர் போயிட்டாரு தம்பி. மாசா மாசம் கிருத்திகைக்கு முருகனைப் பார்த்துட்டுத்தான் வாயில எதையும் போடுவாரு. இந்தத் தடவை கால் இப்படி இருக்கு, வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். சரின்னு தலையாட்டுனாரே!"

அதற்குள் மேனேஜர் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு டூட்டி? யாரு எழுதுன சார்ட்டு இது?"

"அதை சாயங்காலம் பேசிக்கலாம் சார். இப்ப எனக்கு ஆம்புலன்ஸ் வேணும்" என்றார் பிரதர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏறுங்க. கூட்டத்துல அவர் முகத்தை உங்களுக்குத்தான் சட்டுனு அடையாளம் தெரியும்" என்றார். குளுக்கோஸ் பாட்டிலும் பொடியும், ஊசியும், சர்க்கரை பார்க்கும் மெஷினும் என் கையில் திணித்தார். பொய் எழுதினவளை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்கிறாரே என்று அப்போது எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

கேம்ப் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி, ஒழுகிக்கொண்டே ஆடி ஆடிப் போனது. டிரைவர் அண்ணன் சைரனைப் போட்டும் அது நகரவில்லை. "இன்னா சிஸ்டரு, பெர்சு கால்ல புண்ண வச்சிகினு மல மேல ஏறிகினு கீறாரா? நாம இங்க லாரி பின்னாடி ஊர்கோலம் போய்கினு கீறோம்" என்றார். பல்லாவரம் வந்து, பம்மல், அனகாபுத்தூர் என்று அவர் வண்டியை விரட்டிய விதத்தில் நான் கற்ற எல்லா துஆவையும் ஓதிவிட்டேன். முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் இந்த பர்வீன் சிஸ்டர் ஓதின துஆ யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ, எப்படியோ போய்ச் சேர்ந்தது.

அனகாபுத்தூரில் செல்போன் அடித்தது. கண்ணாடி ஆஸ்பத்திரியின் எச்.ஆர். பெண். "மேடம், பதினோரு மணி அப்பாயின்ட்மென்ட், வந்துட்டு இருக்கீங்களா?"

"வந்துட்டுதான்மா இருக்கேன், வேற பக்கமா" என்றேன். ஆறு மணிக்குள் பதில் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாஸ்கரன் சார் மலைப்படியில் பாதி தூரத்தில், ஓரமாக உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. காலில் கட்டியிருந்த துணி அழுக்காகி அவிழ்ந்து தொங்கியது. அவருக்குப் பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நியாயம் கேட்க ஆள் கிடைத்துவிட்டது போல, "ஏறிக்கிட்டே இருக்கேன்மா, படி குறையவே மாட்டேங்குது. கணக்கு எங்கேயோ இடிக்குது" என்றார். நாக்கு குழறியது. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை நாற்பத்தெட்டு.

குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். "தரிசனம் ஆகாம பச்சத் தண்ணி பல்லுல படாது." நரம்பில் போடலாம் என்று கையைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார், ஊசி படியில் உருண்டது. நினைவு இருக்கிறது, ஆனால் புத்தி வேலை செய்யவில்லை. சர்க்கரை இறங்கினால் சாதுவான மனிதர்கூட இப்படி ஆகிவிடுவார், பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த மனிதரோடு எப்படிப் பேசுவது என்று மட்டும் பாடத்தில் இருக்காது. இன்னும் கால் மணி நேரம் போனால் விழுங்கவும் முடியாது.

அப்போது மேலே இருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. அதில் ஒரு பெண்ணின் கையில் சின்ன எவர்சில்வர் தூக்கு. "அக்கா, தூக்குல என்ன?" என்றேன். "அபிஷேகப் பஞ்சாமிர்தம்மா" என்றாள். வாழைப்பழம், வெல்லம், தேன், கற்கண்டு! எந்த கம்பெனி குளுக்கோஸ் இதைவிட நன்றாக வேலை செய்துவிடும்?

ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். "சார், இது நான் குடுக்கறது இல்ல. அபிஷேகம் ஆகி வந்த பிரசாதம். நீங்க ஏற முடியாம உட்கார்ந்துட்டீங்கன்னு முருகனே படி இறக்கி அனுப்பியிருக்காரு. வேணாம்னு திருப்பி அனுப்பிடட்டுமா?"

என் முகத்தையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். பூக்காரம்மா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். சண்டையெல்லாம் மறந்துபோயிற்று. கால் மணி நேரத்தில் அவர் கண் தெளிந்து, "பர்வீன் சிஸ்டர், நீங்க எங்க இங்க?" என்று கேட்டபோது, அதே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டிரைவர் அண்ணன், "தோ பாரு, பேஷண்ட் ஷோக்கா கீறாரு, சிஸ்டரு பேஜார் ஆயிட்டாங்கோ" என்று பூக்காரம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

மாலை நாலு மணிக்கு பிரதர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தச் சார்ட் இருந்தது. மெமோ கொடுக்கப்போகிறார், அல்லது நாளை முதல் வரவேண்டாம் என்பார் என்று நினைத்துப் போனேன்.

"நீங்க பண்ணது சின்ன தப்பு இல்ல சிஸ்டர்" என்றார். "எனக்கு பயங்கர கோபம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. ஆள் இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் பேசாம இருந்தீங்களே, அந்தப் பத்து நிமிஷத்தையும் எழுதுங்க."

ஏற்கெனவே பார்த்த பாத்ரூம் கதவை நான் தட்டியதை அவர் கவனித்திருக்கிறார் போலிருக்கிறது. எழுதினேன். எழுதி முடித்து நீட்டினால், அவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன எழுதறீங்க பிரதர்?"

சார்ட்டைத் திருப்பி, பத்து மணிக் கட்டத்துக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே அவர் கையெழுத்து. "நீங்க பார்க்காம எழுதுனீங்க. நான் படிக்காம போட்டேன். இந்தக் கட்டத்துல ரெண்டு பொய் இருக்கு, ஒண்ணுக்கு மட்டும் மெமோ குடுத்தா எப்படி?"

ஆமாம், எனக்கு மெமோ வந்தது. அவருக்கும் வந்தது. மூன்று மாதம் என் சார்ட்டை வேறொருவர் சரிபார்த்தார். யாரும் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வார்டில் ஒன்று மாறியது. பிரதர் சார்ட்டோடு கட்டில் கட்டிலாக நடந்து, நோயாளியைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்ட இன்னொரு காரியம்தான் கஷ்டமாக இருந்தது. "அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க." மேனேஜர் சார் குறுக்கே விழுந்து தடுத்தார். வீட்டு ஆட்களிடம் சொன்னால் ஆஸ்பத்திரி மானம் போகும் என்றார். "அவங்க வீட்டுக்காரரு சார் அவரு, அவங்களுக்குத் தெரியணும்" என்று பிரதர் சொல்லிவிட்டார்.

ஆறாம் கட்டிலுக்குப் போனேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேடவாக்கம் உட்பட. அவர் முகம் சிவந்தது.

"அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"என்னாலதான்மா ஆகியிருக்கும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூங்கும் கணவரைப் பார்த்து, "இவரு மட்டும் என்ன, இட்லியை ஒளிச்சு வச்சவருதானே" என்று முணுமுணுத்தார். பிறகு, "சாயங்கால ஊசி யாரு போடுவா?" என்று கேட்டார்.

"வேற சிஸ்டரை அனுப்பச் சொல்றேன்மா."

"வேணாம். நீங்களே வாங்க. தப்பு பண்ணா வந்து சொல்லுவீங்கன்னு தெரிஞ்சு போச்சு. மத்தவங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது எச்.ஆர். பெண் மறுபடி கூப்பிட்டாள். வராந்தாவில் போய் நின்று பேசினேன். நல்ல பெண், தேன் மாதிரிக் குரல். என் அளவுக்கு யூனிபார்ம்கூட எடுத்து வைத்துவிட்டார்களாம்.

"ஒரே ஒரு சந்தேகம்மா" என்றேன். "உங்க ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் தப்பு பண்ணிட்டா என்ன செய்வீங்க? கடைசியா அப்படி நடந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"அப்படி எதுவும் நடந்ததே இல்ல மேடம்" என்றாள் பெருமையாக. "ஓப்பன் பண்ணதுல இருந்து எங்க கிட்ட ஒரு தப்பு கூட ரெக்கார்ட் ஆனது கிடையாது."

"அப்படியா? அப்ப அங்க முதல் தப்பு பண்ணப்போறவ நான்தான். தனியா மாட்டிக்குவேன். வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, இன்சுலின் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன்.